தபாலட்டையில் காரணம் எழுத இடமில்லை

எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. ரேடியோ ஒன்றே ஒன்று. மூன்றாவது காம்பராவில், சாமிப் படங்களுக்குக் கீழே அடித்த பலகையில், அம்மா பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. அந்தக் காம்பரா எங்களுடையது. ஆனாலும் "என் ரேடியோ" என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நமுனுகுல மலை சாயங்காலத்தைச் சீக்கிரமே இருட்டிவிடும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி, இடுப்புப் படங்கை அவிழ்த்து, அடுப்பு மூட்டுகிற நேரத்தில் அப்பா ரேடியோவைத் திருகுவார். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது. மூன்றாவது காம்பராவில் பாடினால் பத்தாவது காம்பராவில் குழந்தை தூங்கும்.

"என்ன பாட்டு கேட்கிறாய்?" என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிராத காலம் அது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பதுளையிலிருந்து ஏறும் பஸ்ஸில் டிரைவர் போட்ட பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் காதில் ஹெட்செட் செருகி வேறு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லயத்துக்கு வந்தால் வாசல் திண்ணையான ஸ்தோப்பில் நாலுபேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு போன், நாலு பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு என்ன கேட்கிறது என்று இவளுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது. என்ன பாட்டு? ஏன் அந்தப் பாட்டு? ஒரு வாரம் இதே வேலையாக லயம் லயமாகப் போனேன். முதல் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் உடனே பதில் சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்குப் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள்.

அந்த இரண்டாவது கேள்வியை எங்கள் சனம் எப்படிக் கையாண்டது என்பதைச் சொல்ல, நான் தபாலட்டைக் காலத்துக்குப் போக வேண்டும்.

எழுபதுகளில் எங்கள் ரேடியோவுக்கு நாலு பெரிய பெட்டரி வேண்டும். மாவுக்கும் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்ற 1974ஆம் வருசம், தோட்டங்களில் பசியால் செத்தவர்கள் உண்டு. அந்த வருசத்தில் பெட்டரி வாங்குவதென்றால் யோசித்துப் பாருங்கள். தேய்ந்துபோன பெட்டரிகளை அப்பா தகரத்தின்மேல் வெயிலில் வரிசையாகப் படுக்க வைப்பார். நல்ல வெயில் காய்ந்தால் இன்னும் அரைமணி நேரம் பாடும். மழை நாளில் அடுப்புத் திண்டின் ஓரத்தில் வைப்பார். அம்மா சோற்றுப் பானையை இறக்கும்போதெல்லாம் அது உருண்டு நெருப்பில் விழுந்துவிடுமோ என்று பயப்படுவாள். அந்த அரைமணி நேரத்தை எதற்குச் செலவழிப்பது என்பதில் வீட்டில் இரண்டாம் பேச்சே கிடையாது. நேயர் விருப்பம்.

தபாலட்டை எழுதுவது என் வேலை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அட்டையின் ஒரு பக்கம் முகவரி: நேயர் விருப்பம், தமிழ்ச்சேவை இரண்டு, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கொழும்பு 7. மறுபக்கம் படத்தின் பெயர், பாடியவர்கள், கேட்பவர்கள். கேட்பவர்கள் என்று எழுதத் தொடங்கியதும் எங்கள் காம்பரா நிரம்பிவிடும். முதல் பெயர் அப்பாயியுடையது, அதில் தகராறு இல்லை. அதற்குப் பிறகு பெரியப்பா வீடா, கங்காணி வீடா? பக்கத்துக் காம்பரா அக்கா, "என் பேரையும் ஒரு ஓரமா போட்டுடு கண்ணு" என்று கையில் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணிப்பாள். பிறந்து மூன்று மாதமான பிள்ளையின் பெயரையும் எழுதியிருக்கிறேன். எழுத்தைப் பொடியாக்கிப் பொடியாக்கி, கடைசிப் பெயர்களை அட்டையின் விளிம்போடு செங்குத்தாக எழுதுவேன். ஒரு முறை ஒரு பெண்ணின் பெயருக்கு அடுத்தாற்போல் கீழேயிருந்த பணியலயத்துப் பையனின் பெயரை எழுதிவிட்டேன். இடம் இல்லாததால் அப்படி அமைந்தது. ரேடியோவில் இரண்டு பெயரும் சேர்ந்தாற்போல் வந்ததும் லயமே கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது. ஆறு மாதத்தில் அவர்களுக்குக் கல்யாணம். அது முன்பே இருந்த விசயமாம், எனக்குத்தான் தெரியவில்லை.

அட்டையில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, காரணம் எழுத மட்டும் இடமில்லை. அறிவிப்பாளருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் பெயர்களை வாசிப்பார். "பதுளை, ஸ்பிரிங்வெளி தோட்டம், மேற்பிரிவு..." என்று தொடங்கியதும் லயத்தில் எழும் கூச்சலில், கேட்ட பாட்டு எங்கள் காதில் விழாமலே முடிந்துவிடும். அது யாருக்கும் குறையாகப்படவில்லை.

இதை நான் பல வருசம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். தோட்டத்துச் சனத்துக்கு முகவரி என்று ஒன்று ஒழுங்காக இருந்ததில்லை. வீட்டுக்கு நம்பர் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்து கைக்கு வந்த கதை மலையகத்தில் எந்தப் பக்கம் போனாலும் கேட்கலாம். 1948ஆம் வருசத்துப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமார்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிவிட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களின் பெயரும் தோட்டமும் பிரிவும் கொழும்பிலிருந்து, நல்ல தமிழில், ஒரு எழுத்துப் பிசகாமல் வாசிக்கப்பட்டன. அதைக் கேட்டுக் கூச்சல் போடாமல் வேறென்ன செய்வார்கள்?

ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் வைத்த பெயர் "வேலி"யில் முடிகிறது; பள்ளத்தாக்கு என்று பொருள். எங்கள் சனம் அதை "வெளி" ஆக்கிக்கொண்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அடைபட்டிருந்தவர்கள் தங்கள் ஊருக்கு வெளி என்று பெயர் சொன்னார்கள். அதை ரேடியோவில் கேட்கிறபோது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

கொழும்புக்கு எழுதினால் கோத்தகிரிக்குக் கேட்கும்

என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, 1972இல் இந்தியாவுக்குப் போனாள். போனாள் என்று சொல்கிறோம். அனுப்பப்பட்டாள் என்பதுதான் சரி. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். மனு போடும்போது அத்தை புருசன் வீட்டார் இந்தியா என்று எழுதினார்கள், அப்பா இங்கே என்று எழுதினார். அவ்வளவுதான். பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்க வேண்டும். ஏறுகிறவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் மாரடித்து அழுத அந்த ரயிலுக்குச் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

அத்தைக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. இங்கே எடுத்த அதே கொழுந்து, அதே அட்டைக்கடி, அதே குளிர். கடிதம் போட்டால் போய்ச் சேர வாரக்கணக்காகும். வெளிநாட்டு முத்திரைக்குக் காசு அதிகம். எழுதிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். ஆனால் கோத்தகிரியிலும் இலங்கை வானொலி கேட்கும்.

அது எப்படிக் கேட்டது என்பது தனிக் கதை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காக இயங்கிய ரேடியோ சியாக்கின் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்து இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது. இரண்டே வருசத்தில், 1952இல், இந்தியாவின் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். பாட்டு வேண்டியவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டு டீக்கடைகளில் சொந்தக்காரர் குரல்போல் பழகிப்போயின. தமிழ்நாட்டில் இதை எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். அந்த அலைவரிசையில் பிரிந்துபோன குடும்பங்களும் பேசிக்கொண்டன என்பதை அவ்வளவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்பா கேட்ட பாட்டு ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: 1961இல் வந்த "பாசமலர்" படத்தில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய தாலாட்டு. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் நின்று தத்தம் பிள்ளையைத் தாலாட்டும் பாட்டு. கேட்பவர்கள் வரிசையில் அப்பாயியின் பெயருக்கு அடுத்து அத்தையின் பெயர், "கோத்தகிரி" என்ற ஊரோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பாளர் ஸ்பிரிங்வெளியையும் கோத்தகிரியையும் ஒரே மூச்சில் சொன்னார். அன்றைக்கு லயத்தில் கூச்சல் எழவில்லை. அப்பாயி பலகைக்குக் கீழே போய் நின்று, ரேடியோவின் மேல் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். பாட்டு முடிகிறவரை சரிசெய்துகொண்டே இருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. பாட்டைக் கேட்டதாக ஒரு வரி. மற்றதெல்லாம் கோழி வளர்ப்பதைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும்.

பாட்டும் அதற்கான காரணமும் எங்கள் சனத்தில் எப்போதும் இப்படிப் பிரிந்தே கிடந்தன என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய தலைமுறை காரணத்தை ஊரறியச் சொல்லிப் பாடியிருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு முதல் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் மேடையேறிப் பாடுவார். மக்கள் ஏற்கெனவே முணுமுணுக்கும் மெட்டுகளில் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாக்கி, 1940இல் சிறுநூலாகவும் வெளியிட்டார். பேச்சைக் கேட்கத் தடை இருந்த தோட்டங்களுக்குள்ளும் பாட்டு நுழைந்துவிடும். காரணம் முதலில் பிறந்தது, மெட்டு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. மடக்கும்புரைத் தோட்டத்துப் பிள்ளையான சி.வி. வேலுப்பிள்ளை, மலையேறி வந்தவர்களும் கொழுந்தெடுத்தவர்களும் பாடிய நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டி 1983இல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று புத்தகமாக்கினார். அதைப் படித்தால், எங்கள் பாட்டிமார் கங்காணியையும் துரையையும் முகத்துக்கு நேரே திட்ட முடியாதபோது எங்கே போய்த் திட்டினார்கள் என்று தெரியும்.

தப்பு மேளமும் அப்படித்தான். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்படிப்பார்கள். சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, மாசியில் காமன் கூத்துக்கு ஒரு அடி. படுத்திருந்தபடியே ஊர்ச் சங்கதி தெரிந்துவிடும். எங்கள் தோட்டத்தில் கடைசிவரை தப்படித்த ஒரு பெரியவரிடம் என் கேள்வியைக் கொண்டுபோனேன். "நான் பாட்டுக் கேக்குறவன் இல்ல தம்பி, அடிச்சவன்" என்றார். தப்படித்ததற்காகவே அவரைத் தாழ்த்திப் பேசியவர்கள் இருந்தார்கள். அவர் மகன் அந்தத் தோலைத் தொடவில்லை. பேரன் இப்போது பதுளையில் ஒரு கலைக்குழுவில் தப்படிக்கிறான். அவன் அடித்ததைப் போனில் பதிந்து தாத்தாவுக்கு அனுப்புகிறான். பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் அடி பிந்துகிறது என்று குரலில் பதிந்து திருப்பி அனுப்புகிறார். அவர் போனில் உள்ள இசை முழுவதும் அதுதான்.

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக மாட்டேன். ஹாலிஎலைக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப். தான் படிப்பித்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்டவர். 1975இல் வி.பி. கணேசன் எடுத்த "புதிய காற்று" படத்துக்கு வசனம் அவர்தான். எங்கள் லயத்தை, எங்கள் மலையை, எங்கள் பேச்சைத் திரையில் காட்டிய படம். எம்ஜிஆர் படத்துக்குப் போவதுபோலவே அதற்கும் கூட்டமாகப் போனோம். படம் முடிந்து வந்து லயத்தில் யாரும் கதை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்படி ஒன்று வந்ததே என்றுதான் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருசம் "அன்னக்கிளி" பாட்டுகள் வந்தன. ரேடியோவில் முதன்முறை கேட்டதும் அம்மா, "இது நம்ம கொழுந்து மலையில பாடுற மாதிரியில்ல இருக்கு" என்றாள். இளையராஜா சிறுவனாக அண்ணன் பாவலர் வரதராசனின் பாட்டுக்குழுவோடு மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் கூட்டங்களுக்குப் போனவர் என்பது அம்மாவுக்குத் தெரியாது. காதுக்குத் தெரிந்திருந்தது.

சுவரும் பாட்டும்

1998இல் சூரியன், சக்தி வானொலிகள் எப்.எம்மில் வந்தபோது தபாலட்டை போய் டெலிபோன் வந்தது. பதுளை டவுனுக்கு இறங்கி, கடையில் காசு கொடுத்து நிலையத்துக்குப் போன் போட்டு, தன் குரலே ரேடியோவில் வருவதைக் கேட்க லயத்தில் ஆளை நிறுத்திவிட்டு வந்தவர்கள் உண்டு. "இந்தப் பாட்டை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று அறிவிப்பாளர் கேட்பார். கொடுப்பது என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கும். அதையெல்லாம் விரிவாக எழுத இங்கே இடமில்லை. இப்போதைய பதில்களுக்கு வருகிறேன்.

ஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த நாலுபேரில் ஒருத்தி உயர்தரம் படிக்கிறாள். கணக்குச் செய்யும்போது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள். பிடித்த பாட்டா என்று கேட்டேன். "பிடிக்கும்னு இல்ல மாமா. பக்கத்து வீட்டு டீவி, அந்தப் பக்கம் சண்டை, எல்லாம் கேக்கும். சுவர் பாதியிலதானே நிக்குது. மிச்சச் சுவரு இந்தப் பாட்டு" என்றாள். நான் எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடிவைத்தேன். கூரையைத் தொடாத அந்தச் சுவரைப் பற்றி இவ்வளவு நேரம் இனிமையாக எழுதிக்கொண்டிருந்தவன் நான். அதே சுவர் அவளுக்குப் படிக்க ஒரு மூலை தரவில்லை. எங்களுக்குப் பாட்டைப் பகிர்ந்துகொள்ளக் கிடைத்தது என்றால், தனியாக இருக்க எங்களுக்கு இடமே கிடைக்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. பிள்ளைகள் காதை அடைத்துக்கொள்கிறார்கள் என்று குறைசொல்கிற பெரியவர்கள் அந்தச் சுவரை ஒரு தடவை அண்ணாந்து பார்க்கட்டும்.

இரண்டாமவள் குவைத்தில் நாலு வருசம் வீட்டு வேலை செய்து திரும்பியவள். எஸ். ஜானகி பாட்டுகள். "அங்க சத்தமா பாட ஏலாது. பாத்திரம் கழுவுறப்ப வாயை மட்டும் அசைப்பேன். இப்ப சத்தமா வைக்கிறேன்" என்றவள், உடனே ஹெட்செட்டைப் போனிலிருந்து உருவினாள். பாட்டு ஸ்தோப்பு முழுவதும் வந்தது. மற்ற மூன்றுபேரும் தங்கள் பாட்டை நிறுத்தினார்கள். யாரும் சொல்லி நிறுத்தவில்லை.

மூன்றாவது ஒரு பையன், கொழும்பில் கடை வேலை, தீவாளிக்கு வந்தவன் இன்னும் திரும்பவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தது சிங்களப் பாட்டு. கடை மாடியில் ஒரே அறையில் படுக்கிற மஹியங்கனைப் பையன் அனுப்பியது. இவன் பதிலுக்கு இளையராஜா பாட்டு அனுப்புகிறான். வரிகளுக்கு அர்த்தம் இருவருமே கேட்டுக்கொள்வதில்லையாம். "அவன் மனசு சரியில்லன்னா அனுப்புற பாட்டுல தெரியும்" என்றான். நாலாமவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவி இறந்து ஒரு வருசம் ஆகவில்லை. என்ன பாட்டு என்று கேட்டதற்கே எழுந்து போய்விட்டார். நான் கேட்டிருக்கக் கூடாது.

கடைசியாக அம்மாவிடம் வந்தேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். ரேடியோ இருந்த பலகையில் இப்போது மாத்திரை டப்பா இருக்கிறது. பூத்தையல் துணி எங்கே என்று அவளுக்கே தெரியாது. அப்பா போய் 11 வருசம், அத்தை போய் ஆறு வருசம்.

"என்னம்மா பாட்டு கேக்குற?"

"ஒங்கப்பா பாட்டுத்தான்."

"ஏன்?"

அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. "அன்னைக்கு மனு எழுதுறப்ப, தங்கச்சி எங்கயோ அங்கயே எழுதுவோம்னாரு. நான்தான் வேணாம்னேன். எங்கம்மா இங்க இருந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு ஒரு நாளும் என்னைய அதுக்குக் கேட்டதில்ல. பாட்டு மட்டும் கேப்பாரு" என்றாள்.

நாற்பது தபாலட்டையாவது அந்தப் பாட்டுக்கு நான் எழுதியிருப்பேன். ஒவ்வொரு அட்டையும் என் பென்சிலால் எழுதியது. அப்பா அந்தப் பாட்டைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் அம்மா அடுப்படியில் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது.

"ஒன் போன்ல பாட்டைப் போட்டா எல்லாருக்கும் போகுமாமே" என்றாள். பேரப்பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். வட்ஸ்அப் ஸ்டேட்டஸைச் சொல்கிறாள். பாசமலர் தாலாட்டை எடுத்து முப்பது விநாடியாக வெட்டிப் போட்டேன். மேலே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "ஸ்பிரிங்வெளின்னு எழுது, போதும்."

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், "யாரு யாரு பாத்திருக்காங்கன்னு அதுல வருமாமே. வாசி" என்றாள். கை கழுவிவிட்டு வந்து, காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். நான் பெயர்களை வாசித்தேன். கொழும்பில் இருக்கிற என் மகன். பெரியப்பா வீட்டுப் பேத்தி, பண்டாரவளை. லுணுகலையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி. பழைய பணியலயத்துப் பையன், இப்போது தாத்தா. அவருக்குப் பக்கத்திலேயே அவர் மனைவியின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் அம்மா தலையசைத்தாள்.

"கோத்தகிரி இருக்கா?"

விரலால் கீழே தள்ளிப் பார்த்தேன். அத்தையின் பேத்தி. இரவு 8.12.

"இருக்கும்மா" என்றேன்.

"இன்னொரு தடவ வாசி. ஊரோட வாசி."